படுகளத்து இரவு

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் பேருந்தில் சேந்தமங்கலம் தாண்டியதும் எதிரே வேறொன்றும் தெரிவதில்லை, மலை மட்டும்தான். தூரத்தில் நீலக் கோடாகக் கிடந்தது கிட்ட வர வர மடிப்பு மடிப்பாக விரிந்து, காளப்பநாயக்கன்பட்டி வரும்போது அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு வந்துவிடுகிறது. மலைக்குப் போகிறவர்கள் இந்தப் பேரூரில் இறங்குவதில்லை. காரவள்ளி போய் அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காடு சேர்வதுதான் அவர்கள் பயணம். ஆகாயகங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில், எட்டுக்கை அம்மன், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை எல்லாம் மேலே இருக்கின்றன. நான் கீழேயே இறங்கிக்கொண்டேன். மாசி மாதம். சாலையோரம் குச்சிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் சேகோ ஆலைகளை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பிடுங்கிய காடுகளில் புழுதி மணம். ஊருக்கு வெளியே தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சிறு கோயிலில் அன்று இரவு அண்ணன்மார் கதை பாடுகிறார்கள் என்று நண்பர் சொல்லியிருந்தார். அதற்காகவே வந்தேன்.

பொழுது சாயும் வரை நேரம் இருந்தது. தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மலைக்காக நடந்த போர் தமிழின் மிகப் பழைய போர் நினைவுகளில் ஒன்று. ஓரி கொல்லியை ஆண்டான். முள்ளூர் மன்னனான மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். கல்லாடனார் அகநானூற்றின் 209ஆம் பாட்டில் இதைச் சொல்கிறார். காதலைப் பாட வந்த பாட்டில் ஒரு கொலையின் செய்தி தங்கியிருக்கிறது. நற்றிணை 320இல் கபிலர் இன்னும் கொஞ்சம் அருகில் போகிறார். ஓரியைக் கொன்ற காரி, ஓரியின் பெருந்தெருவுக்குள் நுழைகிறான். அப்போது ஓரியின் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து எழுப்பிய ஆரவாரத்தை ஓர் உவமையாக அவர் எடுத்துக்கொள்கிறார். தலைவன் விழுந்த செய்தி கேட்டு ஒரு தெருவே கூச்சலிட்ட அந்தக் கணம், பரத்தை ஒருத்தி தெருவில் நடந்து போனதற்கு உவமையாகி, அப்படியே இரண்டாயிரம் ஆண்டு பிழைத்துக் கிடக்கிறது.

அந்தச் சேரன் சாதாரணமானவன் அல்லன். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடிய பெருஞ்சேரல் இரும்பொறை அவன் என்பது அறிஞர் பலரின் கொள்கை. தகடூரை அழித்தவன். கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இரு பெருவேந்தரையும் ஒருசேர வென்றவன் என்று அந்தப் பத்தின் பதிகம் சொல்கிறது. அரச முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்ட புலவர் மோசிகீரனாருக்கு, வாளை ஓங்காமல் விசிறி எடுத்து வீசியவனும் அவனே. புறநானூறு 50ஆம் பாட்டு அதற்குச் சாட்சி. இத்தனை பெருமை இருந்தும் இன்று கொல்லிமலையில் அவனுக்கு விழா இல்லை, காரிக்கும் இல்லை. ஆடி பதினேழு, பதினெட்டில் அரசே எடுக்கும் விழா வீழ்ந்த ஓரிக்குத்தான். மலை யார் பக்கம் நின்றது என்பதில் ஐயமில்லை.

ஓரியைப் பாடியவர்கள் கூட்டமாகப் பாடினார்கள். வன்பரணரின் புறநானூறு 152ஆம் பாட்டை நான் பல முறை படித்திருக்கிறேன். மலையடிவாரத்தில் உட்கார்ந்து நினைக்கும்போது அது வேறு மாதிரி விரிந்தது. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. எய்தவன் யார் என்று பாணர் கூட்டத்துக்குத் தெரியாது. ஆனாலும் பாடிவிடத் தோன்றுகிறது. தலைவர் விறலியரை ஆயத்தப்படுத்துகிறார். முழவுக்கு மண் பூசச் சொல்கிறார், யாழைப் பண்ணில் நிறுத்தச் சொல்கிறார். தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒவ்வொரு கருவியும் ஒவ்வொருவர் கைக்குப் போகிறது. மூவேழ் துறையும் முறையாகப் பாடி முடித்து, அரசனை விளிக்கும் சொல்லைச் சொன்னதும் வேட்டுவன் நாணித் தலை கவிழ்கிறான். அப்புறம்தான் அவன் ஓரி என்று தெரிகிறது. காட்டிலேயே வேட்டைக் கறி வேகவைத்துக் கொடுக்கிறான், பொன்னும் மணியும் கொடுக்கிறான். அடுத்த பாட்டில் நிலைமை இன்னும் முற்றுகிறது. அவன் கொடுத்ததைத் தின்று பசி அறியாமல் போன என் சுற்றத்தார் ஆட்டத்தையும் பாட்டையுமே மறந்துவிட்டார்கள் என்கிறார் புலவர். இப்படிக் கொடுத்தவன் போரில் விழுந்தால் பாடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? குறும்பொறை நாட்டையே கூத்தாடும் கோடியருக்குக் கொடுத்தவன் என்று சிறுபாணாற்றுப்படை அவனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக நிறுத்தியது.

இருட்டியதும் தோட்டத்து வழியாகக் கோயிலுக்கு நடந்தோம். ஓடு வேய்ந்த சின்னக் கோயில். முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல், பந்தலில் நாலைந்து குழல் விளக்கு, தரையில் பாய். குதிரை மேல் இரண்டு அண்ணன்மார் சுடுமண் உருவமாக நின்றார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவே குழந்தைகள். பாடுகிறவர்கள் மூன்று பேர். மூத்தவர் எழுபதைத் தாண்டியவர். அவர் கையில் உடுக்கை. பக்கத்தில் பின்பாட்டுக்காரர் நடுவயது, கையில் தாளம். மூன்றாமவர் இளைஞர், மூத்தவரின் பேரன் என்று பின்னால் தெரிந்தது. அவர் கையிலும் ஓர் உடுக்கை.

கணபதியைப் பாடி, கலைமகளைப் பாடி, சபைக்கு வணக்கம் சொல்லி, கதை தொடங்கியது. கொங்கு நாட்டு வாசகருக்கு இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளநாட்டில் குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரை நாச்சியாருக்கும் நெடுங்காலத் தவத்துக்குப் பின் பிறந்தவர்கள் பொன்னரும் சங்கரும். அவர்கள் தங்கை அருக்காணி நல்லதங்காள். பங்காளிகளோடு நிலத் தகராறு, சோழனோடு திறைத் தகராறு, காட்டை ஆளும் வேட்டுவர்களோடும் தலையூர்க் காளியோடும் எல்லைத் தகராறு என்று பகை வளர்கிறது. வேட்டுவர்கள் வளர்த்த கொம்பன் என்னும் பெரும் பன்றி வயல்களை உழுது போடுகிறது. பொன்னாச்சி என்ற நாயின் துணையோடு சங்கர் அதைக் கொல்கிறார். பின் போர். கடைசியில் இரு அண்ணன்மாரும் அவர்களோடு நின்ற சாம்புவனும் வீரமலைக் காட்டில் விழுகிறார்கள். தங்கை காடெல்லாம் தேடி அவர்கள் கிடந்த இடத்தைக் கண்டடைகிறாள். அந்த இடம்தான் படுகளம். மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் பெரியகாண்டியம்மன் கோயிலும் படுகளமும் இன்றும் இருக்கின்றன. மாசித் திருவிழாவில் வேடபரி என்னும் நிகழ்ச்சியைப் பார்க்க மூன்று நான்கு மாவட்டங்களிலிருந்து சனம் திரள்கிறது.

முதல் இரண்டு மணி நேரம் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டேன். உண்மையைச் சொன்னால், மனம் ஒட்டவில்லை. ஒலிவாங்கி உடுக்கையின் ஓசையைத் தட்டையாக்கிவிட்டது, பின்பாட்டுக்காரரின் குரல் எதிரொலியில் கரைந்து போனது. இரவு பத்து மணி ஆனதும் சட்டப்படி ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் வந்து இணைப்பைப் பிடுங்கினார். சிலர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் பாயை இழுத்துக்கொண்டு பாடகர்களை நெருங்கி உட்கார்ந்தார்கள். நானும் நகர்ந்தேன்.

அதற்கப்புறம் கேட்டதுதான் பாட்டு. இடது கை உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தி விட, வலது கை விரல்கள் தோலில் விழ, கருவி விம்மியது, தேம்பியது, திடீரென்று அதட்டியது. மூத்தவர் ஓர் அடியைத் தொடங்கி முக்கால் பாகம் கொண்டு போய் விடுகிறார். பின்பாட்டுக்காரர் அதன் வாலைப் பிடித்து முடித்து, இழுத்து நிறுத்துகிறார். அந்த இழுவையின் மறைவில் மூத்தவர் மூச்சு வாங்கி, அடுத்த அடியை யோசித்துக்கொள்கிறார். பாட்டு நீண்டால் நடுவே வசனம். வசனத்தில் மூத்தவர் அண்ணனாகிறார், பின்பாட்டுக்காரர் தங்கையாகிறார், அல்லது எதிரியாகிறார், அல்லது ஒன்றும் தெரியாத வழிப்போக்கனாகி, கேட்பவர்கள் கேட்க நினைக்கும் கேள்வியைக் கேட்கிறார். ஒருவர் பாடி மற்றவர் திருப்பிச் சொல்வதாகத் தோன்றும் இந்த முறை, உட்கார்ந்து கவனித்தால் ஒரே குரலை இரண்டு உடம்புகள் மாற்றி மாற்றிச் சுமக்கும் வேலை என்று புரிகிறது. தனியாள் இதை இரவு முழுக்கப் பாட முடியாது. தொண்டை தாங்காது, நினைவும் தாங்காது.

கொம்பன் பன்றி வந்த இடத்தில் குழந்தைகள் விழித்துக்கொண்டார்கள். பன்றி மண்ணைக் கிளறும் ஓசையைப் பேரன் தன் உடுக்கையில் கொண்டு வந்தார். நாய் பொன்னாச்சி சிறியது, யாரும் மதிக்காதது. அது போய்ப் பன்றியைக் கடிக்கும் இடத்தில் கிழவிகள்கூடச் சிரித்தார்கள். போர்க் கதையில் இப்படியொரு வெளிச்சமான பகுதியை வைத்தவர் யாரோ, அவர் கூட்டத்தின் மனத்தை நன்றாக அறிந்தவர். ஏனெனில் அடுத்து வருவது சாவு.

விடியலுக்கு முன் இரண்டு மூன்று மணி இருக்கும். உடுக்கையின் கதி மாறியது. ஆற்றைக் கடக்கும் சங்கருக்குத் தன் காலம் முடிந்துவிட்டது என்று தெரிகிறது. எதிரியால் அல்ல, விதித்த ஆயுள் தீர்ந்ததால் சாகிறார். தன் வாளிலேயே விழுகிறார். பாட்டில் அந்த இடம் வந்தபோது, முன்வரிசையில் அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் உடம்பு நடுங்கி அப்படியே பின்னால் சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிக் கிடத்தினார்கள். சிறிது நேரத்தில் இன்னொருவர். பிறகு நடுவயதுக்காரர் ஒருவர். மூவரையும் வரிசையாகக் கிடத்தி வெள்ளை வேட்டியால் போர்த்தினார்கள். பாட்டு நிற்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒப்பாரி எழுந்தது. தங்காள் காட்டில் அலைகிறாள், மரத்தைக் கேட்கிறாள், பறவையைக் கேட்கிறாள். அவள் கேள்விகளைப் பின்பாட்டுக்காரர் பாட, கிடந்தவர்களின் தாய்மார்களோ மனைவியரோ, எனக்குத் தெரியவில்லை, இரண்டு பெண்கள் மெய்யாகவே அழுதார்கள்.

படுகளம் விழுதல் என்று இதைச் சொல்கிறார்கள். படித்திருக்கிறேன், பார்த்தது முதல் முறை. நாடகம் என்று சொல்லித் தள்ள முடியாது. மூவரில் ஒருவர் அன்று மாலை எனக்குச் சாப்பாடு பரிமாறியவர், கலகலப்பானவர். வேட்டிக்குக் கீழே அவர் கால்கள் அசையாமல் கிடந்தன. கடைசியில் கன்னிப்பெண் ஒருத்தி தண்ணீர்ச் செம்போடும் வேப்பிலையோடும் வந்தாள். பாடகர்கள் எழுந்து நின்றார்கள். கதையில் தங்காள் அண்ணன்மாரை எழுப்புகிறாள், அவர்கள் சிறிது பொழுது உயிர்த்து அவளோடு பேசிவிட்டு மறுபடி கிடக்கிறார்கள். பந்தலில் எழுந்தவர்கள் மறுபடி கிடக்க வேண்டியதில்லை. தண்ணீர் தெளித்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள், முகம் கழுவினார்கள், யாரோ கொடுத்த சூடான காபியைக் குடித்தார்கள்.

வீழ்ந்த வீரனுக்குச் செய்யும் சடங்குகளைத் தொல்காப்பியம் ஆறாகச் சொல்கிறது: கல்லைக் காண்பது, கொள்வது, நீரில் ஆட்டுவது, நடுவது, பெரும்படை, கடைசியாக வாழ்த்து. முதல் ஐந்தும் கல்லோடு முடிகின்றன. சேலம், தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் அந்தக் கற்கள் நிறைய நிற்கின்றன. செங்கம் நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் நூலாகவே கொண்டுவந்தது. ஆறாவது சடங்கான வாழ்த்து காற்றில் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைய இரவுக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. வாழ்த்து உயிரோடு இருக்கிறது. அதைப் பாடுகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

பொழுது விடிந்ததும் மூத்தவரோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். குரல் கம்மியிருந்தது. வெந்நீரில் பனங்கற்கண்டு போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

“இத்தனையும் மனப்பாடமாங்க ஐயா?” என்று கேட்டேன்.

“மனப்பாடம் பண்ணுனா மறந்து போயிருமுங்க தம்பி. எனக்குப் பாட்டு தெரியாது, வழிதான் தெரியும். இன்ன எடத்துல ஆறு, இன்ன எடத்துல காடுன்னு கண்ணுக்கு முன்னால வரோணும். வந்துட்டா வாயி பாடிக்கும்.”

“எத்தனை ராத்திரி பாடுவீங்க?”

“எங்க அப்பன் காலத்துல பதினெட்டு ராத்திரிங்க. நா ஏழு ராத்திரி பாடியிருக்கறேன். இப்பத்தான் ஒரே ராத்திரியில முடிக்கோணும்ங்கறாங்க. பொறப்பையும் சுருக்கி, கலியாணத்தையும் சுருக்கி, நேராப் படுகளத்துக்கு வந்துர்றோம். அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு தெரியாம, செத்ததுக்கு மட்டும் அழுகச் சொன்னா எப்படீங்க?”

இதைவிடச் சரியான திறனாய்வை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

அவர் சொன்ன முதல் விஷயம், வழி தெரிந்தால் வாய் பாடும் என்பது, உலகம் வேறொரு மலைநாட்டில் கண்டுபிடித்த உண்மை. அமெரிக்கப் பேராசிரியர் மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் சுற்றி, குஸ்லே என்ற ஒற்றை நரம்புக் கருவியோடு போர்க் கதை பாடிய கிராமத்துப் பாடகர்களைப் பதிவு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவ்தோ மெதெதோவிச் என்ற பாடகர் 12,000 அடிகளுக்கு மேற்பட்ட ஒரு கதையைச் சொல்லிக் கொடுத்தார். பாடும்போதே கட்டுகிறார்கள், ஒப்பிப்பதில்லை என்று பாரியும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் காட்டினார்கள். ஹோமரை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையே அது மாற்றிவிட்டது. அந்த நாட்டுச் செர்பியர்கள் போற்றிப் பாடியது 1389இல் நடந்த கொசோவோப் போரை, அதில் விழுந்த இளவரசன் லாசரை. அங்கும் வீழ்ந்தவன்தான் பாட்டுக்கு உரியவன்.

நம் உடுக்கைப் பாட்டுக்கும் அத்தகைய கவனம் ஒரு முறை கிடைத்தது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1964 முதல் 1966 வரை காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1965இல் அங்கே ராமசாமி என்ற பாடகரின் குழு பதினெட்டு இரவுகள் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். அதே பாடகர் பாடியதற்கும் சொல்லி எழுதவைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிட்டார். 1982இல் ஆய்வு நூல் வந்தது, பின்னர் சென்னை ஆசியவியல் நிறுவனம் கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டது, பிற்பாடு அசைவூட்டத் தொடராகவும் அவரே ஆக்கினார். சுவடியிலிருந்து அண்ணன்மார் சுவாமி கதையைப் பதிப்பித்தவர் கவிஞர் சக்திக்கனல். மு. கருணாநிதி இதைப் ‘பொன்னர் சங்கர்’ நாவலாக்க, 2011இல் அது திரைப்படமும் ஆயிற்று. இவை எல்லாவற்றுக்கும் மூலம், பெயர் எழுதி வைக்காத உடுக்கைக்காரர்கள். பந்தலில் நான் கேட்ட மூவரைப் போன்றவர்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுதியாக வேண்டும். இந்தப் பாட்டில் பகைவர் வேட்டுவர். அவர்களுடைய வழித்தோன்றல்களாகத் தம்மைக் கருதும் வேட்டுவக் கவுண்டர்கள் இதே நாமக்கல் மாவட்டத்தில், இதே அடிவாரத்தில் வாழ்கிறார்கள். ஓரியைத் தம் முன்னோராகக் கொண்டாடுகிறவர்களும் அவர்களே. மலை மேல் ஒரு தரப்பின் வீரன் வீழ்ந்தவனாக வணங்கப்படுகிறான், மலைக்குக் கீழே பாட்டில் அதே தரப்பு எதிரி. போர்ப் பாட்டு எங்கேயும் இந்த ஆபத்தைச் சுமந்துகொண்டே வருகிறது. பழைய எல்லைச் சண்டையை இன்றைய தெருச் சண்டைக்கு விறகாக்க விரும்புகிறவர்களுக்கு அது எளிதாகக் கிடைத்துவிடும். மூத்தவரிடம் இதைக் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “காளிராசனப் பாடறப்ப நா உடுக்கையக் கொறச்சு அடிக்கறதில்லீங்க. அவனும் தன் காட்டுக்காகத்தான நின்னான்? எதிராளியச் சின்னதாப் பாடுனா, ஜெயிச்சவனும் சின்னதாப் போயிருவான். நேத்து கும்பல்ல வேட்டுவக் கவண்டமாரும் இருந்தாங்க. போர்த்துன வேட்டி ஒண்ணு அவிய ஊட்டுதுதான்.”

சாம்புவனைப் பற்றியும் சொன்னார். கதையில் பறையடித்துப் படை நடத்தியவன், அண்ணன்மாருக்கு இணையாக வெட்டுப்பட்டவன். சில இடங்களில் நேரம் போதாது என்று அவன் பங்கைச் சுருக்கச் சொல்கிறார்களாம். தான் சுருக்குவதில்லை என்றார். எதை வெட்டுகிறார்கள் என்பதில் ஊரின் மனசாட்சி தெரிகிறது. இந்த முதியவரின் பிடிவாதத்துக்கு நான் தலை வணங்குகிறேன்.

காலை ஒன்பது மணிப் பேருந்தில் நாமக்கல் திரும்பினேன். அங்கே கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நினைவு இல்லத்துக்குப் போகாமல் இந்தப் பயணம் நிறைவடையாது என்று தோன்றியது. 1888இல் காவிரிக் கரை மோகனூரில் பிறந்தவர். ஓவியர், கவிஞர், ‘மலைக்கள்ளன்’ எழுதியவர், 1949இல் சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டபோது, நடந்துகொண்டே பாடுவதற்கு அவர் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். ஆயுதமும் குருதியும் இல்லாத போர் ஒன்றுக்கு ஆள் கூப்பிடும் பாட்டு அது. தமிழ் அறிந்தவர்களுக்கு அதன் முதல் அடி நினைவில் இருக்கும். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று அறிவித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டதாகச் சொல்வார்கள். பாட்டோடு நடந்தவர்கள் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பள்ளிய ராஜாஜி கைதானார்.

அந்த நூறு பேரும் பாடகர்கள் அல்லர். குரல் வளம் பார்த்து யாரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. அடி வாங்கத் தயாராகப் போனவர்கள், திருப்பி அடிக்க மாட்டோம் என்று உறுதி சொன்னவர்கள். ஆனாலும் அந்தப் பதினைந்து நாள் அவர்கள் ஒரு பாட்டுக் குழுவாகவே ஊர் ஊராகப் போனார்கள். தஞ்சை, கும்பகோணம், திருத்துறைப்பூண்டி என்று போகும் வழியெல்லாம் ஊர் மக்கள் பாட்டை வாங்கித் தாங்களும் பாடினார்கள். இன்றும் ஏப்ரல் இறுதியில் வேதாரண்யம் அகஸ்தியன்பள்ளி நினைவுத் தூண் அருகே உப்பள்ளும் நிகழ்ச்சியில் அதைப் பாடுகிறார்கள். ஓரியின் விறலியர், உடுக்கைக்காரர்கள், உப்புக்கு நடந்தவர்கள்: மூன்று கூட்டமும் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு நோக்கத்தவை. மூன்றிலும் பாட்டு, விழுந்தவன் அல்லது விழத் துணிந்தவன் பக்கம் நிற்கிறது. நாமக்கல் கவிஞர் இந்த மலையைப் பார்த்து வளர்ந்தவர் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பாட்டுக்கு அச்சு இருக்கிறது, பாடநூல் இருக்கிறது, அரசு மாளிகைக்கே கவிஞரின் பெயர் இருக்கிறது. அது பிழைத்துக்கொள்ளும். ஓரிக்குச் சங்க நூல்கள் இருக்கின்றன. நடுவில் உள்ள உடுக்கைப் பாட்டின் கதை அச்சேறியும், அதைப் பாடுகிறவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. மூத்தவர் அன்றைய இரவுக்கு வாங்கிய தொகையை மூவரும் பங்கிட்டால், குச்சிக்கிழங்கு பிடுங்கும் கூலியைவிடச் சற்றே கூட வரும், அவ்வளவுதான். பேரன் பகலில் லாரி பட்டறையில் வேலை பார்க்கிறார். ஏழு ராத்திரிப் பாட்டையும் அவர் இன்னும் கேட்டு முடிக்கவில்லை, ஏனென்றால் ஏழு ராத்திரி பாடச் சொல்லி யாரும் அழைக்கவில்லை. கேட்கும் கூட்டம் இல்லாமல் தாத்தா பேரனுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்க முடியாது. வழி கண்ணுக்கு முன்னால் வர வேண்டுமானால் எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகவே கோயில் கமிட்டிகளில் இருக்கும் கொங்கு நாட்டு நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். திருவிழாவின் ஓர் இரவு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஆகும் செலவில் உடுக்கைப் பாட்டு ஏழு இரவும் வைக்கலாம். பிறப்பிலிருந்து பாடச் சொல்லுங்கள், சாம்புவனின் பங்கைச் சுருக்காமல் பாடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஒலிநாடாக்களில் யாராவது பாடிய அண்ணன்மார் கதை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறையில் கொண்டுபோய்க் கொடுத்துக் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். கொல்லிமலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் மாசி, பங்குனியில் போனால் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி, பக்கத்தில் எங்கே பாட்டு நடக்கிறது என்று தேநீர்க் கடையில் விசாரியுங்கள். கம்பளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்கு எழுந்து வந்துவிடாதீர்கள்.